சி.டி. எடுத்தாச்சே, அப்புறம் எதுக்கு எம்.ஆர்.ஐ.?

பிள்ளைக்கு மூளையில் கட்டி இருக்கலாம் என்ற சந்தேகம் வந்த வீட்டில் முதல் வாரத்திலேயே எழும் கேள்வி இது. பக்கத்து ஊர் ஸ்கேன் சென்டரில் சி.டி. எடுத்தாகிவிட்டது. ஃபிலிம் கையில் இருக்கிறது. "கட்டி மாதிரித் தெரியுது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றும் சொல்லிவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் அந்த ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். தலைக்கு மட்டுமல்ல, முதுகுத் தண்டுக்கும் சேர்த்து. கான்ட்ராஸ்ட் ஊசி (கட்டி படத்தில் எடுப்பாகத் தெரிய ரத்தத்தில் ஏற்றும் மருந்து) போடாமல் ஒரு முறை, போட்டு ஒரு முறை. ஆபரேஷன் முடிந்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ மறுபடியும் ஒன்று. காசு பார்க்கிறார்களோ என்று பெற்றவர்கள் நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. தேவையில்லாத ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கும் வழக்கம் நம் ஊரில் கேள்விப்படாத ஒன்றல்ல. ஆனால் குழந்தைகளின் மூளைக் கட்டி விஷயத்தில் கதை வேறு. கட்டி இருக்கிறதா இல்லையா என்பது இருப்பதிலேயே சுலபமான கேள்வி. அதற்குப் பிறகு வரும் கேள்விகளுக்குத்தான் இத்தனை படங்களும்.

படத்துக்குப் போகும் முன் அதற்கு முந்தைய காலத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தாமதம் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. குழந்தைகளின் மூளைக் கட்டிகளில் ஏறத்தாழ பாதி, மண்டையின் பின்புறம், பிடரிக்கு மேலே இருக்கும் சின்ன அறையில் வருகிறது. சிறுமூளையும் மூளைத்தண்டும் இருக்கும் இடம் அது. பழைய வீடுகளில் பின்கட்டு என்போமே, அப்படி வைத்துக்கொள்ளலாம். இடம் குறுகல், கூரை தாழ்வு. மூளைக்குள் ஊறும் நீர் வெளியேறுவதற்கான வாசல்களும் இதே பின்கட்டில்தான் இருக்கின்றன. அங்கே ஒரு கட்டி வளர்ந்தால் அந்த வாசல்கள் அடைபடும். மதகை அடைத்த கால்வாயில் மேல்மடையில் நீர் ஏறுவதுபோல, மூளையின் உள்ளறைகளில் நீர் தேங்கி அழுத்தம் கூடும்.

இரவு முழுக்கப் படுத்திருப்பதாலும், தூக்கத்தில் மூச்சு மெதுவாகி மூளையின் ரத்தக் குழாய்கள் விரிவதாலும் விடியற்காலையில் அந்த அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. பிள்ளை எழுந்ததும் தலைவலி என்கிறது, வாந்தி எடுக்கிறது, அப்புறம் ஒன்பது மணிக்கெல்லாம் விளையாடப் போய்விடுகிறது. பள்ளிக்குப் போகாமலிருக்கச் சாக்கு என்று நினைப்பவர்களும் உண்டு, வயிற்றுக் கோளாறு என்று மருந்து வாங்குபவர்களும் உண்டு. புதிதாக மாறுகண் வந்தால் கண் மருத்துவரிடம் போகிறார்கள். அதுகூட நல்லதுதான்: விழியின் பின்புறத்தைப் பார்க்கும் கண் மருத்துவர், பார்வை நரம்பு வீங்கியிருப்பதைக் கவனித்து நேராக ஸ்கேனுக்கு அனுப்பிவிடுவார். நடை தள்ளாடுவது, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருப்பது, நன்றாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளையின் கையெழுத்து கோணலாவது எல்லாம் இந்த வரிசையில் வருபவை. பிரிட்டனில் 2011இல் 'ஹெட்ஸ்மார்ட்' என்ற பெயரில் இந்த அறிகுறிகளைப் பெற்றோருக்கும் மருத்துவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கும் இயக்கம் தொடங்கினார்கள். அறிகுறி தொடங்கிக் கட்டி கண்டுபிடிக்கப்படும் வரையிலான இடைவெளி அங்கே சுமார் 14 வாரமாக இருந்தது, பிறகு 7 வாரத்துக்குள் வந்தது. அதற்காகப் புது மெஷின் எதையும் அவர்கள் வாங்கவில்லை.

கைக்குழந்தை என்றால் வேறு விதம். மண்டையோட்டின் இணைப்புகள் இன்னும் இறுகாததால் அழுத்தம் கூடும்போது தலையே பெரிதாகிவிடும். அதனால் வாந்தி, தலைவலி எல்லாம் தாமதமாகத்தான் தெரியும். தடுப்பூசி போடப் போகும்போது தலைச்சுற்றளவை டேப் வைத்து அளந்து அட்டையில் குறிக்கிறார்களே, அது இதற்கும்தான். உச்சிக்குழி மூடாத வரை அந்தக் குழி வழியாகவே அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து மூளையின் அறைகளைப் பார்த்துவிடலாம். மயக்க மருந்தும் வேண்டாம், கதிரும் இல்லை. ஆனால் பின்கட்டு வரை தெளிவாகத் தெரியாது.

சரி, சி.டி.க்கு வருவோம். மூளையைப் படம் பிடிக்க ஒரு காலத்தில் செய்த வேலைகளைக் கேட்டால் நெஞ்சு பதறும். 1918இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டேண்டி, மூளையின் அறைகளிலிருந்த நீரை எடுத்துவிட்டுக் காற்றை ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார். அப்படிப் படமெடுக்கப்பட்ட முதல் நோயாளிகள் தலையில் நீர் கோத்த குழந்தைகள். கட்டி நேரடியாகத் தெரியாது, காற்றறை எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது என்பதை வைத்து ஊகிக்க வேண்டும். 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. கருவியில் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டபோது அந்தக் காலம் முடிவுக்கு வரத் தொடங்கியது. அந்தப் பெண்ணுக்கு மூளைக் கட்டி இருக்கிறதென்ற சந்தேகம்தான் அவரை அங்கே கொண்டுவந்தது.

இன்றைய சி.டி.யின் பலம் வேகம். தலையைப் படமெடுத்து முடிக்கச் சில விநாடிகள் போதும். நினைவு தப்பிய நிலையில் வரும் குழந்தைக்கு நீர் தேங்கியிருக்கிறதா, ரத்தம் கசிந்திருக்கிறதா என்று உடனே பார்த்து, அன்றிரவே நீரை வடிக்க வேண்டுமா என்று முடிவெடுக்க அது போதும். சுண்ணாம்புப் படிவுகளையும் எம்.ஆர்.ஐ.யைவிடச் சி.டி. நன்றாகக் காட்டும். பிட்யூட்டரி சுரப்பிக்குப் பக்கத்தில் வரும் கிரேனியோஃபாரிஞ்சியோமா என்ற கட்டியில் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் சுண்ணாம்பு படிந்திருக்கும். வயதுக்கேற்ற உயரம் வராமல், பார்வையும் மங்கிவரும் பிள்ளையின் சி.டி.யில் அந்த இடத்தில் வெள்ளைப் புள்ளிகளும் நீர்க்கட்டியும் இருந்தால் ரேடியாலஜிஸ்ட் பெயரைச் சொல்லிவிடுவார்.

பின்கட்டில்தான் சி.டி. தடுமாறுகிறது. காதுகளின் உள் எலும்பு உடம்பிலேயே கெட்டியான எலும்புகளில் ஒன்று. இரண்டு பக்கமும் அது நிற்பதால் எக்ஸ்ரே கதிர் நடுவில் திணறி, படத்தில் குறுக்கே கறுப்புக் கோடுகள் விழுகின்றன. சரியாக மூளைத்தண்டு இருக்கும் இடத்தில். அங்கே வரும் ஒரு கட்டி சி.டி.யில் தெரியாமலே போகலாம். 'சி.டி. நார்மல்' என்று எழுதிய காகிதத்தோடு வீட்டுக்குப் போன பிள்ளைக்குத் தள்ளாட்டம் நிற்காவிட்டால், அந்தக் காகிதத்தை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

கதிர்வீச்சும் இருக்கிறது. 2012இல் பிரிட்டனிலிருந்து வந்த பெரிய ஆய்வு, சிறு வயதில் சி.டி. எடுத்துக்கொண்ட சுமார் 1.8 லட்சம் பேரைப் பின்தொடர்ந்தது. பத்து வயதுக்குட்பட்ட 10,000 பேருக்குத் தலை சி.டி. எடுத்தால், அடுத்த பத்தாண்டுகளில் கூடுதலாக ஒருவருக்கு மூளைக் கட்டியும் ஒருவருக்கு ரத்தப் புற்றுநோயும் வரலாம் என்பது அதன் கணக்கு. அவசரத்தில் எடுக்கும் ஒரு சி.டி.க்கு அஞ்ச வேண்டியதில்லை என்றுதான் இந்த எண்ணைப் படிக்க வேண்டும். ஆனால் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் படமெடுக்கப்படப்போகும் பிள்ளைக்கு அதையே வழக்கமாக்க முடியாது.

எம்.ஆர்.ஐ.யில் கதிர் இல்லை. உடம்பிலுள்ள நீரின் ஹைட்ரஜனைக் காந்தப்புலத்தில் வைத்து, ரேடியோ அலையால் தட்டி, அது திருப்பி அனுப்பும் சைகையைப் படமாக்குகிறது. ஒரே இடத்தை வெவ்வேறு விதமாகப் பத்துப் பதினைந்து வரிசைகளில் எடுப்பதால்தான் அவ்வளவு நேரம் பிடிக்கிறது. அவற்றை வரிசையாகத் திரையில் போட்டு ரேடியாலஜிஸ்ட் பார்க்கும்போது, வெள்ளையா கறுப்பா என்பதற்கு முன்னால் அவர் பார்ப்பது வயதையும் இடத்தையும். இரண்டும் சேர்ந்தாலே பாதிப் பட்டியல் அடிபட்டுப் போகும். பெரியவர்களின் மூளையில் கட்டி என்றால் நுரையீரலிலிருந்தோ மார்பகத்திலிருந்தோ பரவியதாக இருக்க வாய்ப்பு அதிகம். குழந்தைகளில் அது மிக அரிது. கைக்குழந்தையின் மூளையோ படத்திலேயே பெரியவர்களின் மூளைக்கு நேர்மாறாகத் தெரியும். நரம்பிழைகளுக்கு மேலுறை இன்னும் வளராததால், வெள்ளையாக இருக்க வேண்டியது கறுப்பாகவும் கறுப்பாக இருக்க வேண்டியது வெள்ளையாகவும் வரும். பெரியவர்களின் படங்களை மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பெரிய பொறி. குழந்தைகளின் படத்தைக் குழந்தைகளுக்கான ரேடியாலஜிஸ்டிடம் காட்டுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

பின்கட்டில் வருபவற்றில் முக்கியமானவை நான்கு. சிறுமூளையின் ஒரு பக்கத்தில் பெரிய நீர்க்கட்டி, அதன் சுவரில் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டதும் பளிச்சென்று ஒளிரும் ஒரு முடிச்சு இருந்தால் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா. இருப்பதில் சாது இதுதான். முழுக்க எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். நடுவில், மூளையின் நீர் நிறைந்த உள்ளறைகளில் பின்கட்டில் இருக்கும் நான்காம் அறையின் கூரையிலிருந்து தொங்குவதுபோல் வளர்வது மெடுல்லோபிளாஸ்டோமா. 1925இல் இதற்குப் பெயர் வைத்தவர்கள் பெர்சிவல் பெய்லியும் ஹார்வி குஷிங்கும். அதே அறையின் தரையிலிருந்து எழும்பி, பிசைந்த மாவு விரலிடுக்கில் பிதுங்குவதுபோல அறையின் வாசல்கள் வழியே வெளியே பிதுங்கி நிற்பது எபென்டிமோமா. நான்காவது மூளைத்தண்டுக்குள்ளேயே வளர்வது, அதைப் பிறகு பார்ப்போம்.

புத்தகத்தில் இப்படித் தனித்தனியாக இருக்கும். நிஜத்தில் ஐந்து சென்டிமீட்டர் வளர்ந்த கட்டி கூரையிலிருந்து தொங்குகிறதா தரையிலிருந்து எழும்பியதா என்று யாருக்குத் தெரியும்? அங்கே கைகொடுப்பது டிஃப்யூஷன் என்ற வரிசை. திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்று அது அளக்கிறது. தேர்த் திருவிழா நாளில் மாட வீதியில் நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் கைவீசி நடக்கும் அதே வீதியில் அன்றைக்குத் தோளைத் திருப்ப இடமிருக்காது. மெடுல்லோபிளாஸ்டோமாவில் செல்கள் அப்படி நெருக்கியடித்துக்கொண்டிருப்பதால் நீர் அசையமாட்டாமல் நிற்கும். பைலோசைட்டிக் கட்டியில் செல்களுக்கிடையே இடைவெளி அதிகம், நீர் ஓடித் திரியும். இந்த அளவுக்கு ஏ.டி.சி. என்று பெயர். 2006இல் வந்த ஓர் ஆய்வில் ஏ.டி.சி. எண் 1.4க்கு மேல் இருந்தவை பைலோசைட்டிக், 0.9க்குக் கீழே இருந்தவை மெடுல்லோபிளாஸ்டோமா, எபென்டிமோமா நடுவில் என்று அழகாகப் பிரிந்தன. சிறிய ஆய்வுதான், ஆனால் அந்த எண்கள் உலகமெங்கும் ரேடியாலஜிஸ்டுகளின் நாவில் நிலைத்துவிட்டன. ரிப்போர்ட்டில் 'டிஃப்யூஷன் ரெஸ்ட்ரிக்‌ஷன் இருக்கிறது' என்று ஒரு வரி வந்தால் அது சொல்வது இந்த நெரிசலைத்தான்.

அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வரும் ஏ.டி.ஆர்.டி. என்ற கடுமையான கட்டியிலும் இதே நெரிசல்தான். படத்தில் மெடுல்லோபிளாஸ்டோமாவிலிருந்து அதைப் பிரிப்பது கஷ்டம், சிகிச்சையோ வேறு. மெடுல்லோபிளாஸ்டோமாவே இன்று ஒரே நோயல்ல. மரபணுவை வைத்து அதைப் பல வகைகளாகப் பிரிக்கிறார்கள், 2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வகைப்பாடும் அப்படித்தான் சொல்கிறது. சிறுமூளையின் ஓரத்தில் இருந்தால் ஒரு வகை, நட்டநடுவில் இருந்தால் வேறு வகை என்று படம் ஜாடை காட்டும். ஆனால் முடிவாகச் சொல்வது ஆபரேஷனில் எடுத்த சதையைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடம்தான்.

முதுகுத் தண்டுக்கு எதற்கு ஸ்கேன் என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. மூளையைச் சுற்றும் நீர்தான் தண்டுவடத்தையும் சுற்றுகிறது. மெடுல்லோபிளாஸ்டோமாவின் செல்கள் அந்த நீரில் மிதந்து இறங்கித் தண்டின்மேல் முளைத்துவிடும். சில சமயம் தண்டு முழுக்கச் சர்க்கரைப் பாகு பூசியதுபோல் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். கண்டுபிடிக்கும்போதே ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தைக்கு இப்படிப் பரவியிருக்கிறது. முதுகுக்கு எவ்வளவு கதிர் சிகிச்சை கொடுப்பது என்பது இதை வைத்துத்தான் முடிவாகும். இந்த முதுகு ஸ்கேனை ஆபரேஷனுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஆபரேஷனில் கசிந்த ரத்தம் நீரோடு இறங்கித் தண்டின்மேல் தங்கினால், அது ரத்தமா பரவிய கட்டியா என்று பிறகு யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

ஆபரேஷன் முடிந்து மூன்று நாளுக்குள் எடுக்கச் சொல்லும் எம்.ஆர்.ஐ.யும் அதே கணக்குதான். அதைத் தாண்டினால் வெட்டுப்பட்ட ஓரங்கள் ஆறத் தொடங்கி, கான்ட்ராஸ்ட் ஊசிக்கு அவையும் ஒளிரும். மிச்சக் கட்டி எது, ஆறும் புண் எது என்பது குழம்பிவிடும். மெடுல்லோபிளாஸ்டோமாவில் மிச்சம் 1.5 சதுர செ.மீ.க்கு மேல் இருந்தால் அந்தப் பிள்ளை அபாயம் கூடிய பிரிவுக்குப் போகிறது, சிகிச்சையும் கடுமையாகிறது. ஆகவே அந்த மூன்று நாள் கெடு வெறும் சடங்கல்ல.

மூளைத்தண்டுக்குள் வளரும் கட்டியைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். டி.ஐ.பி.ஜி. என்பார்கள். பெரும்பாலும் 5 முதல் 10 வயதுக்குள் வரும். திடீரென்று மாறுகண், முகத்தில் ஒரு பக்கம் இழுப்பு, நடையில் தள்ளாட்டம். எல்லாம் சில வாரங்களில். எம்.ஆர்.ஐ.யில் மூளைத்தண்டின் நடுப்பகுதி பலூன்போல் ஊதி, முன்னால் போகும் பெரிய ரத்தக் குழாயைச் சுற்றி வளைத்திருக்கும். அந்தப் படம் அவ்வளவு தெளிவு என்பதால், பல ஆண்டுகள் பயாப்சி இல்லாமலே படத்தை மட்டும் வைத்துப் பெயர் சொன்னார்கள். மூச்சையும் விழுங்குதலையும் நடத்தும் இடத்தில் ஊசியை விடுவானேன், தெரிந்துதான் என்ன செய்யப்போகிறோம் என்பது அன்றைய வாதம். பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஓராண்டைத் தாண்டுவதில்லை. அந்த வாதத்தில் கருணை இருந்தது, ஆனால் யாரும் சதையை எடுத்துப் பார்க்காததால் நோயைப் பற்றிய அறிவும் அங்கேயே நின்றுவிட்டது. 2012இல், கிடைத்த கொஞ்சம் திசுக்களை ஆராய்ந்தபோதுதான் எச்3 கே27எம் என்ற மரபணு மாற்றம் தெரியவந்தது. அதன்பின் பயாப்சி மெல்லத் திரும்பிவந்தது. அந்த மாற்றமுள்ள கட்டி சிகிச்சைக்குப் பின்னும் வளர்ந்தால் கொடுக்க, டோர்டாவிப்ரோன் என்ற மருந்துக்கு 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. குணப்படுத்தும் மருந்து அல்ல அது. ஆனால் படத்தோடு நின்றிருந்தால் அதுகூட வந்திருக்காது.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று வேலூரில் நடந்தது. பிள்ளைக்கு வலிப்பு வருகிறது, சி.டி.யில் வளையம்போல் ஒளிரும் ஒரு சின்ன வட்டம் தெரிகிறது. இந்தியாவில் வெகுகாலம் இதைப் பெரும்பாலும் காசநோய்க் கட்டி என்று எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். புற்றுக்கட்டியோ என்ற பயத்தில் மண்டையைத் திறந்ததும் உண்டு. இந்தியாவின் முதல் நரம்பறுவைத் துறை 1949இல் ஜேக்கப் சாண்டியால் தொடங்கப்பட்ட வேலூர் சி.எம்.சி.யில், வேதாந்தம் ராஜசேகரும் மேத்யூ சாண்டியும் இந்த வட்டங்களை எடுத்துப் பரிசோதித்தபோது, பல கட்டிகளில் இருந்தது நாடாப்புழுவின் கூடு. அழுக்கான தண்ணீர், சரியாகக் கழுவாத காய்கறி வழியாக அந்தப் புழுவின் முட்டை உள்ளே போய் வருவது அது, சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் வரும். ஒரே வட்டம், 20 மில்லிமீட்டருக்கு மேல் போகாத அளவு, மூளையை ஒரு பக்கம் தள்ளாத வீக்கம், மண்டைக்குள் அழுத்தம் கூடிய அறிகுறி எதுவும் இல்லாமை, நாளாக ஆகக் கை கால் பலவீனம் கூடாமை, உடம்பில் வேறு நோய் இல்லாமை என்று அவர்கள் 1990களில் வகுத்த அளவுகோல், எத்தனையோ பிள்ளைகளுக்கு மண்டையைத் திறக்காமல் வலிப்பு மாத்திரையோடு காத்திருந்து, அடுத்த சி.டி.யில் வட்டம் மறைந்துபோவதைப் பார்க்க வழி செய்தது. புது மெஷின் எதுவும் இல்லை, இருந்த படத்தை இந்த ஊரின் நோய்களை அறிந்த கண்ணோடு படித்தார்கள், அவ்வளவுதான்.

எம்.ஆர்.ஐ. அறைக்குள் பிள்ளையை எப்படி அசையாமல் படுக்க வைப்பது? தலைக்கும் முதுகுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் வரை ஆகும், சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். பெரியவர்களே நெளிவார்கள். கைக்குழந்தைக்கு வயிறு நிறையப் பாலூட்டி, துணியில் இறுக்கிச் சுற்றி, தூங்கியதும் உள்ளே வைத்துவிடலாம். ஒன்றிலிருந்து ஆறு வயது வரைதான் சிக்கல், பெரும்பாலும் மயக்கம் கொடுக்காமல் முடியாது. அதற்கு முன் சில மணி நேரம் பட்டினி போட வேண்டும். பசியில் அழும் பிள்ளைக்கு யாரோ பிஸ்கட் கொடுத்துவிட, ஸ்கேன் தள்ளிப்போவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். மயக்க மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போவதைவிட ஸ்கேன் ஒரு நாள் தள்ளிப்போவது மேல். ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு முன்கூட்டியே பொம்மை மெஷினில் விளையாட வைத்து, அந்தச் சத்தத்தைப் போனில் கேட்க வைத்துப் பழக்கினால் மயக்கம் இல்லாமலே படுத்துவிடும் பிள்ளைகள் உண்டு. கான்ட்ராஸ்ட் ஊசியில் இருக்கும் காடோலினியம் என்ற உலோகம் மூளையில் கொஞ்சம் தங்கிவிடுகிறது என்று 2014இல் தெரியவந்தது. அதனால் கெடுதல் வந்ததாக நிரூபணம் இல்லை. ஆனாலும் அதிகம் தங்கும் வகை மருந்துகளில் பலவற்றை ஐரோப்பாவில் 2017இல் நிறுத்திவிட்டார்கள். எந்த வகை போடுகிறீர்கள் என்று கேட்பதில் தப்பில்லை.

சிகிச்சை தொடங்கியபின் முதலில் சில மாதங்களுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை என்று படங்கள் தொடரும். கதிர் சிகிச்சை முடிந்த முதல் சில மாதங்களில் கட்டி பெரிதானதுபோல் தெரிந்து, மருந்து எதுவும் மாற்றாமலே அடுத்த ஸ்கேனில் சுருங்கிவிடுவதும் உண்டு. ஒரு படத்தை மட்டும் வைத்து யாரும் அதைச் சொல்ல முடியாது, பழையதோடு பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஃபிலிமில் அச்சடித்துத் தருவது பொறுக்கியெடுத்த சில படங்கள்தான். மொத்தமும் கம்ப்யூட்டர் குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ இருக்கும். எந்த சென்டரில் எடுத்தாலும் அதைக் கேட்டு வாங்கி, தேதி எழுதி ஒரே பையில் வையுங்கள். முக்கியமாக ஆபரேஷனுக்கு முன் எடுத்த முதல் எம்.ஆர்.ஐ. பத்து வருஷம் கழித்து வேறு ஊரில், வேறொரு மருத்துவர் திரையில் முதலில் திறக்கப்போவது அதைத்தான்.